பின்பக்கம் பார்த்து வாங்க வேண்டிய கண்ணாடி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குச்சட்டிகளும் பீங்கான் ஜாடிகளும் மரப்பாச்சிகளும் ரவிவர்மா அச்சுப்படங்களும் நிறைந்த அந்தக் கடைகளில், சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடிகளைப் பார்ப்பதற்காகவே பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். வீட்டுக்கு ஒரு பழைய அலங்காரக் கண்ணாடி வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "அசல் பெல்ஜியம் கண்ணாடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பதுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று நான் நினைக்கிறேன். இந்தச் சட்டமும் இந்தக் கண்ணாடியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவையா, என் வீட்டுச் சுவரில் மாட்டினால் இது எதைக் காட்டப் போகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், பெல்ஜியமா இங்கிலாந்தா என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இராது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் வாங்கிய கண்ணாடி, நான்கடி உயரத்தில், மேலே இரண்டு மயில்கள் எதிரெதிரே நிற்பதுபோல் செதுக்கிய தேக்குச் சட்டத்துடன் இருந்தது. அந்தச் சட்டத்தின் அழகில் மயங்கி, நூறு வருடத்துப் பொருள் என்று சொன்ன கடைக்காரரை நம்பி, ரூ. 22,000 கொடுத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கத்துப் பலகை ஓரிடத்தில் தளர்ந்திருந்ததால், அதை இறுக்கித் தருமாறு எங்கள் பகுதியில் இருக்கும் வயதான ஆசாரி ஒருவரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியின் முன்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்டு, பலகையைத் தட்டிப் பார்த்து, ஓர் ஆணியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "அம்மா, சட்டம் பழைய மரம்தான். ஆனா இது கண்ணாடிச் சட்டமா பொறந்த மரமில்லை. வாசக்காலை அறுத்துச் செஞ்சிருக்காங்க. இங்க பாருங்க, தாழ்ப்பாள் இருந்த குழியை அடைச்சிருக்கு" என்றார். விரல் வைத்துக் காட்டிய இடத்தில், மரத்தூளும் பசையும் சேர்த்து நிரப்பிய ஒரு நீள்சதுரம் இருந்தது. கண்ணாடியும் புதியதுதான். ஓரத்தை வெளிச்சத்தில் காட்டியபோது பச்சையாகத் தெரிந்தது.

அந்த ஆசாரி கடைசியில் சொன்ன ஒரு வாக்கியத்தை அதன்பிறகு நான் மறக்கவே இல்லை: "கண்ணாடி வாங்கப் போனா மொகத்தைப் பாக்காதீங்கம்மா, முதுகைப் பாருங்க."

முதுகைப் பார்ப்பது என்றால் என்ன என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கண்ணாடிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் மெல்லிய மரப்பலகைகள் இரண்டு மூன்றை அடுத்தடுத்து வைத்து ஆணி அடித்திருப்பார்கள். காற்றும் தூசியும் பட்டுப்பட்டு அந்தப் பலகையின் வெளிப்பக்கம் கறுத்திருக்கும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த உட்பக்கமோ வெளுத்தே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தால், தேயிலைச் சாயமோ வார்னிஷோ பூசிப் பழசாக்கியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். ஒட்டுப்பலகை இருந்தால் பின்பக்கம் ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கிறது. கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகாணி 1930களில்தான் உலகச் சந்தைக்கு வந்தது என்பதால், 1900-ஆம் ஆண்டுக் கண்ணாடி என்று சொல்லப்படும் பொருளில் அது இருந்தால் யாரோ பின்னாளில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழுது பார்த்த பொருள் என்பது குறையே அல்ல. ஆனால் பழுது பார்த்ததை மறைத்துவிட்டுச் சொல்லப்படும் விலை நியாயமான விலை ஆகாது.

சில கண்ணாடிகளுக்குப் பின்னால், கண்ணாடி ஆடாமல் இருப்பதற்காகச் செய்தித்தாளை மடித்துச் செருகியிருப்பார்கள். அதில் உள்ள தேதியைக் காட்டிக் கண்ணாடியின் வயதைச் சொல்லும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. அந்தத் தேதி, கண்ணாடி செய்யப்பட்ட காலத்தைக் காட்டாது. அந்தத் தாள் அச்சான நாளுக்குப் பிறகு என்றோ ஒருநாள் அது திறக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மரத்தின் வயதும் அப்படித்தான். செட்டிநாட்டில் இடிபடும் வீடுகளிலிருந்து தூணும் உத்திரமும் நிலைக்கால்களுமாகப் பர்மா தேக்கு ஏராளமாக வெளியே வருவதால், நேற்றுச் செய்த சட்டத்திலும் நூறாண்டு மரம் இருக்கலாம். மரம் பழையது என்று கடைக்காரர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கும். சட்டம் பழையதா என்பதே நம் கேள்வி.

சட்டத்திலிருந்து கண்ணாடிக்கு வருவோம். கையால் ஊதியும் இழுத்தும் செய்யப்பட்ட பழைய கண்ணாடித் தகட்டில் மெல்லிய அலை இருக்கும். எதிரே உள்ள கதவின் நேர்க்கோட்டையோ டியூப்லைட்டையோ கண்ணாடியில் பார்த்தபடி தலையை மெல்ல இடவலமாக அசைத்தால், அந்தக் கோடு ஓரிடத்தில் நெளிந்து மீண்டும் நேராவது தெரியும். உருக்கிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு அப்பழுக்கில்லாத தட்டையாக எடுக்கும் முறை பின்னாளில்தான் வந்தது. அந்த முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959-இல். இன்று நாம் கடைகளில் வாங்கும் கண்ணாடி எல்லாம் அந்த வழியில் வந்தவையே. ஆகவே அலை இருந்தால் பெரும்பாலும் பழையது என்று கொள்ளலாம். ஆனால் அலை இல்லாததாலேயே புதியது என்று தள்ளிவிடக் கூடாது; ஏனெனில் விலை உயர்ந்த பழைய கண்ணாடிகளுக்கு, தடித்த தகட்டை வார்த்து, இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்றிச் சமமாக்கிய கண்ணாடியையே பயன்படுத்தினார்கள்.

பேனா முனையைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் சோதனையைப் பலரும் அறிந்திருப்பார்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி, கண்ணாடியின் கனத்தால் வருவது. ஏனெனில் பிரதிபலிக்கும் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலும் பிம்பமும் ஒட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம், அது மெருகேற்றிய உலோகம், முன்பக்கமே பிரதிபலிக்கிறது என்பதுதான். நம் பழைய கண்ணாடியில் இந்த இடைவெளி சிறியதா பெரியதா என்று பார்ப்பதைவிட, நான்கு மூலைகளிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தருகிறது என்பது என் அனுபவம். இயந்திரத் தகடு எங்கும் ஒரே கனமாக இருக்கும். கையில் செய்தது ஒரு மூலையில் சற்றே இளைத்திருக்கும்.

ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துப் பட்டை போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விரலை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். கையால் தேய்த்த பழைய பட்டை அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும். எங்கே சமதளம் முடிந்து சரிவு தொடங்குகிறது என்று விரலுக்குச் சட்டெனத் தெரியாது. மேல்பகுதி வளைந்த சட்டங்களில், கண்ணாடியின் பட்டையும் அந்த வளைவை அப்படியே பின்தொடர்ந்து போயிருந்தால், அந்தச் சட்டத்துக்கென்றே அளந்து செய்த கண்ணாடி அது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வளைந்த சட்டத்துக்குள் நேராக வெட்டிய தகடு இருந்தால் மாற்றப்பட்டது என்று முடிவு செய்துவிடலாம்.

இனி ரசம். பழைய கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது நாம் 'ரசம் போன கண்ணாடி' என்கிறோம். அந்தச் சொல்லிலேயே பாதரசம் இருக்கிறது. வெனிஸை அடுத்த முரானோ தீவின் கைவினைஞர்கள் பெயர்பெற்றிருந்த 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஐரோப்பாவில், வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை நகர்த்தி வைத்து, கனமான எடைகளை ஏற்றி, உபரிப் பாதரசம் வடிந்து போகும்வரை நாள்கணக்கில் விட்டுவிடுவார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்குக் கைநடுக்கமும் பல் உதிர்வும் வந்தன. 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக், கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கும் வழியைக் கண்டார். அது தொழிற்சாலைகளில் வேரூன்றச் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1900 வாக்கில் பாதரச முறை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகள் பெருமளவில் எழுந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் என்பதால், நம் கைக்கு வரும் கண்ணாடிகளில் மிகப் பெரும்பாலானவை வெள்ளி பூசியவையே. சொல் மட்டும் பழைய உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்கு எதிரே பிடியுங்கள். வெள்ளி பூசிய கண்ணாடியில் தாள் சற்றே மஞ்சள் சாய்ந்த வெளிச்சத்துடன் தெரியும். பாதரசக் கண்ணாடியில் நீலம் கலந்த சாம்பலாக, மேகம் போட்ட நாளின் வெளிச்சம் போலத் தெரியும். மூப்படையும் விதமும் வேறு. வெள்ளிப் பூச்சு, ஓரத்திலிருந்து ஈரமும் காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களும் நுழைவதால் கறுக்கத் தொடங்கி உள்நோக்கிப் பரவும். அதனால் விளிம்பு கறுத்து நடு தெளிவாக இருக்கும். பாதரசக் கலவையோ, உறைந்த பனி போலப் பளபளக்கும் பொட்டுகளாக ஆங்காங்கே படிகமாகிவிடும். உங்களிடம் இருப்பது பாதரசக் கண்ணாடி என்று ஐயம் வந்தால் அதன் பின்பூச்சைச் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், மூடிய அறையில் போட்டு வைக்காதீர்கள். சட்டத்தின் கீழ்ப்பள்ளத்தில் வெள்ளி நிறத் துளிகள் தென்பட்டால் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குறிப்பாகத் தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு.

போலிப் புள்ளிகளும் சந்தையில் நிறையவே உண்டு. அமிலம் தெளித்துப் புதிய கண்ணாடியைப் பழசாக்குகிறார்கள். காலம் போட்ட புள்ளிக்கு ஒரு காரணம் இருக்கும்: துடைத்த தண்ணீர் வடிந்து தேங்கிய கீழ்விளிம்பு, பலகையில் விரிசல் இருந்த இடம், ஆணி துருவேறிய இடம். முன்பக்கத்தில் ஒரு நீளக் கறுப்புக் கோடு தெரிந்தால், கவிழ்த்துப் பார்க்கும்போது அதே இடத்தில் இரண்டு பலகைகளின் இடைவெளி இருப்பதைப் பார்க்கலாம். முன்பக்கத்துக் கறையும் பின்பக்கத்துக் காரணமும் பொருந்தி வருவதைப் போல மனத்துக்கு நிம்மதி தருவது, இந்தத் தேடலில் வேறொன்றும் இல்லை. எங்கும் சம அளவில் தூவிய புள்ளிகளுக்கு அப்படிப்பட்ட காரணம் எதையும் காண முடியாது.

ரசம் போன கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூசலாமா? கூடாது என்பதே என் உறுதியான நிலை. மறுபூச்சுப் போட்டால் பழைய பூச்சை முழுவதும் கரைத்து எடுத்தாக வேண்டும். பிறகு மிஞ்சுவது பழைய தகட்டில் புதிய வெள்ளி. அதுவும் தகட்டில் இருக்கும் நுண்ணிய கீறல்களை எல்லாம் முன்பைவிடத் துலக்கமாகக் காட்டும். நடுவில் முழுவதும் இருண்டு போய், வெளிச்சத்தையே தர முடியாத நிலைக்கு வந்த கண்ணாடி என்றால், அந்தத் தகட்டைத் துணியில் சுற்றிச் சட்டத்தின் பின்னாலேயே வைத்துவிட்டு, முன்னால் புதிய கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். பின்னாளில் யாரேனும் பழையதைத் திரும்பப் பொருத்த விரும்பினால் அது அங்கேயே இருக்கும்.

பெல்ஜியம் கண்ணாடி என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் ஷார்லெருவா வட்டாரம் ஒரு காலத்தில் உலகின் பெரிய கண்ணாடித் தொழில் மையங்களுள் ஒன்றாக இருந்தது. அங்கே செய்த தகடுகளின் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போனது. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் செய்து ஈட்டிய செல்வத்தில், பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் வந்ததுபோலவே பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியும் வந்தது. அந்தப் புகழால், நல்ல கண்ணாடி எல்லாவற்றுக்குமே பெல்ஜியம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பின்பக்கத்தில் முத்திரையோ ஒட்டிய தாளோ இல்லாதபோது, அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கண்ணாடிகள் கடைக்கு வந்து சேரும் வழியையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும், பின்னர் அங்கிருந்த நிலங்களும் தொழில்களும் கைவிட்டுப் போனதும் செட்டிநாட்டு வீடுகளின் வளர்ச்சியை நிறுத்திவிட்டன. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது, முப்பது பங்குதாரர்கள். பராமரிக்க முடியாமலோ, பங்கில் உடன்பாடு எட்டாமலோ வீடு பிரிக்கப்படும்போது, தூண் ஒரு பக்கமும் கதவு ஒரு பக்கமும் கண்ணாடி ஒரு பக்கமுமாகப் போகின்றன. ஆகவே எந்த ஊரிலிருந்து, எப்படி வந்தது என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்காக வாங்குவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது.

அதே சட்டத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நூறு வருடத்துப் பொருள் என்று அழுத்திச் சொல்பவர், ஏற்றுமதி என்றதும் அறுபது வருடம்தான் இருக்கும் என்று இறங்கி வருவதை நானே கேட்டிருக்கிறேன்.

சரி, வீட்டில் எங்கே மாட்டுவது? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம், கானாடுகாத்தானுக்கு அருகே ஒரு தோழியின் பூர்வீக வீட்டில் கிடைத்தது. முகப்பிலும், அதைத் தாண்டிய பட்டாலை எனும் நீண்ட கூடத்திலும், வாசல்களுக்கு மேலே கைக்கு எட்டாத உயரத்தில் பெரிய கண்ணாடிகள் முன்பக்கம் சாய்ந்தபடி மாட்டியிருந்தன. கீழ்விளிம்பு இரண்டு மரமுளைகளில் உட்கார்ந்திருக்க, மேல்விளிம்பைச் சங்கிலி பிடித்திருந்தது. அந்த உயரத்தில் யார் முகம் பார்ப்பது என்று நான் கேட்டபோது, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த தோழியின் ஆச்சி, "முகம் பாக்கவா ஆத்தா அம்புட்டு உசரத்துல மாட்டுவாக? முகம் பாக்கறதுக்கு அறைக்குள்ள சின்னது இருக்கு. இது வீட்டுக்கு வெளிச்சம் காட்ட" என்றார். பிறகு தன் எதிரே இருந்த கண்ணாடியைக் காட்டினார். நான் எழுந்து போய் அவர் தலைக்கு அருகே குனிந்து பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, வாசலும் திண்ணையும் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் விழுந்த வெயிலும் அந்தக் கண்ணாடிக்குள் அப்படியே தெரிந்தன. வருகிறவரை ஆச்சி பார்த்துவிடுவார். வருகிறவர் ஆச்சியைத் தேட வேண்டியிருக்கும்.

கண்ணாடியை ஐந்து பாகை முன்னால் சாய்த்தால் அதில் தெரியும் காட்சி பத்துப் பாகை கீழே இறங்கும். மின்விளக்கு இல்லாத காலத்தில், முற்றத்திலிருந்தும் வாசலிலிருந்தும் உள்ளே வந்த வெளிச்சத்தையும் மாலையில் ஏற்றிய விளக்கையும் வீட்டின் ஆழத்துக்குக் கடத்துவதற்கு அந்தச் சாய்வு உதவியது. இதை அறிந்த பிறகுதான், பழைய கண்ணாடியில் முகம் தெளிவாகத் தெரியவில்லை என்ற குறையே அர்த்தமற்றது என்று எனக்கு விளங்கியது. தலை வாரவும் பொட்டு வைக்கவும் நல்ல புதுக் கண்ணாடி ஒன்றை உள்ளறையில் வைத்துக்கொள்ளலாம். நின்றபடி முழு உருவமும் தெரிய, நம் உயரத்தில் பாதி உயரமுள்ள கண்ணாடியே போதும். கூடத்துக்கு வருவது வேறு வேலைக்கு வருகிறது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு, வீட்டில் இருக்கும் ஏதேனும் ஒரு சாதாரணக் கண்ணாடியை, மாட்ட நினைக்கும் சுவரில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை பாருங்கள். தெரிவது ஃபிரிட்ஜும் செருப்பு அலமாரியும் என்றால், எவ்வளவு அழகான சட்டம் வாங்கினாலும் அதற்குள் இருக்கப் போவது அவையே. ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டச் சொல்லிப் பலரும் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேர் எதிரே மாட்டினால் வெயில் நேரத்தில் கண் கூசும், மற்ற நேரத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரே நல்லது. அங்கிருந்து வெளிச்சம் அறையின் உள்மூலைக்குத் திரும்பும். குளியலறைச் சுவரின் மறுபக்கமும் சமையலறை வாசலும் வேண்டாம். ஈரமும் எண்ணெய்ப் புகையும் மிஞ்சியிருக்கும் ரசத்தையும் தின்றுவிடும். கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்று அந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்யும்.

செட்டிநாட்டுப் பெரிய கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை. பழைய சலூன்களிலிருந்து வரும் அகலக் கண்ணாடிகள், ஓரத்தில் கொடியும் பூவும் பொறித்த 1930, 40களின் கண்ணாடிகள், தொப்பியும் குடையும் மாட்டும் ஸ்டாண்டுகளில் இருந்து பிரிந்த சிறிய நீள்வட்டங்கள் எல்லாம் இன்றைய அடுக்குமாடி வீடுகளின் அளவுக்கு மிகப் பொருத்தமானவை. விலையும் குறைவு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில் ஆறடிக் கண்ணாடியைக் கொண்டு வைப்பது, அந்தக் கண்ணாடிக்கும் நல்லதல்ல.

நான் இரண்டாவதாக வாங்கியது, நான்கடிக்கு இரண்டரை அடி. மயிலும் இல்லை, யாளியும் இல்லை. ஓரத்தில் ஒற்றை வரிக் கயிற்று வேலைப்பாடு மட்டும் கொண்ட தேக்குச் சட்டம். கீழ் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ரசம் போயிருந்தது. கவிழ்த்துப் பார்த்தபோது அதே மூலையில் பலகை உளுத்திருந்தது. கரையான் இப்போது இல்லை என்பதை, சட்டத்தைத் தட்டி, கீழே விரித்த வெள்ளைத் துணியில் தூள் விழுகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். ரூ. 14,000 சொன்னார்கள், ரூ. 12,500-க்கு முடிந்தது. கம்பளியில் சுற்றி, பயணத்தில் படுக்கவைக்கக் கூடாது என்பதால் நிமிர்த்தியே கட்டி, குட்டியானை வண்டியில் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு வந்தது. நானும் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிதானிக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அதே ஆசாரி வந்து பார்த்தார். வழக்கம்போல் முதலில் முதுகு. தலையசைத்தார். உளுத்த பலகையை மட்டும் மாற்றி, மற்றவற்றைப் பழைய ஆணிகளாலேயே இறுக்கினார். கண்ணாடியின் கனம் ஆறு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் பதினைந்து கிலோ எடை இருக்கும்; எங்கள் கண்ணாடி மட்டுமே பதினான்கு கிலோ, சட்டமும் பலகையும் சேர்ந்து முப்பதை நெருங்கியது. எங்கள் வீட்டுச் சுவர் உள்ளீடற்ற சிமெண்ட் கல் என்பதால் அதன் நடுவில் ஆணி நிற்காது; ஆகவே மேலே கான்கிரீட் உத்திரத்தில் துளையிட்டு இரும்புக் கொக்கி போட்டு, அங்கிருந்து சங்கிலி விடுவதென்று முடிவானது. கீழ்விளிம்பு உட்கார இரண்டு தேக்கு முளைகளை அவரே கடைந்து வந்திருந்தார். துடைப்பதற்கு உலர்ந்த பருத்தித் துணி போதும், தண்ணீரை நேராகத் தெளித்தால் கீழே வடிந்து பின்னால் ஏறும் என்று என் மகளிடம் சொன்னதும் அவர்தான்.

மாலை நாலரை மணிக்கு மாட்டினார்கள். அவருடைய பேரன் ஏணியில் நிற்க, நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, ஆசாரி சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார். முதல் கண்ணியில் மின்விசிறியின் இறக்கைகள் தெரிந்தன. இரண்டாவதில் எதிர்ச்சுவரின் சுவிட்ச் பலகை. மூன்றாவதைத் தளர்த்தியபோது பால்கனிக் கதவும் அதன் அடியில் தரையில் நீண்டு கிடந்த வெயிலும் சட்டத்துக்குள் இறங்கி வந்தன. "இதுலயே நிறுத்தவா அம்மா?" என்று கேட்டார். நிறுத்தச் சொன்னேன்.